யார் கொடுத்த பால்? மட்டக்களப்பு வாவிக்கரையில் தாய்ப்பால் பகிர்வும் கொடையாளர் தெரிவும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. கணவன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கிறான். அக்காவின் வளவும் தங்கையின் வளவும் ஒரே வேலியைப் பகிர்வது இதன் விளைவு. பிள்ளை பெற்றவள் காய்ச்சலில் விழுந்தாலும் பால் சுரக்கத் தாமதித்தாலும் குழந்தையின் அழுகை முதலில் எட்டுவது பெரியம்மா, சின்னம்மாவின் காதுக்குத்தான். அவளும் பாலூட்டும் தாயாக இருந்தால், அவள் கொடுக்கும் பாலை மருத்துவம் எப்படி எதிர்கொள்ள வேண்டும்? தடுப்பதும் தவறு, காணாததுபோல் இருப்பதும் தவறு. உறவு ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் தெரிவின்மேல் மருத்துவத் தெரிவையும் சேர்ப்பதே வழி என்று வாதிடுகிறேன்.

தடைக்கு ஆதரவாக அதிகம் காட்டப்படுவது 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. இணையவழி விலைக்கு வாங்கிய 101 பால் மாதிரிகளில் 74 விழுக்காட்டில் பாக்டீரியா மிகையாகவோ, கிராம்-நெகட்டிவ் வகையாகவோ காணப்பட்டது. அங்கே கொடுத்தவர் முகமறியாதவர், பால் விலைப்பொருள், பயணம் நெடியது. வேலிக்கு அப்பாலுள்ள சகோதரிக்கு அந்த எண்ணைப் பொருத்துவது முறையன்று. சொந்தத் தாயின் பால் கிடைக்காதபோது ஆரோக்கியமான செவிலித்தாயின் பாலையும் ஒரு மாற்றாக உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு உபாயம் ஏற்கிறது. நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு, கொடையாளரைச் சோதித்து, பாலைச் சுத்தமாகக் கையாண்டால் பகிரலாம் என்பதே தாய்ப்பால் மருத்துவக் கழகம் 2017இல் எடுத்த நிலைப்பாடு.

இனி உறவு செய்யும் தெரிவுக்கு வருவோம். இப்பிராந்தியத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணுவதை டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் செய்த களஆய்வு விரிவாகக் காட்டுகிறது. ஒரே குடிக்குள் மணமில்லை. இஸ்லாமியச் சட்டமோ பால்குடியால் உண்டாகும் உறவையும் மணத்தடையாகக் கொள்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி (சட்டப்பள்ளியின்படி), இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலருந்தினால் அவ்வுறவு உறுதியாகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தாயின் சகோதரி பால் கொடுத்தால், அவள் பிள்ளைகள் குடிவழக்கில் முன்பே அண்ணன் தங்கைகள். அவர்களுக்கிடையில் புதிதாக எந்தக் கதவும் அடைபடுவதில்லை. மாமி கொடுத்தால், மச்சான் மச்சாளாக மணக்கக்கூடியவர்கள் பால்வழி உடன்பிறப்புகளாகிவிடுவர். மாமன் மணமாகி வேறு வீட்டுக்குப் போய்விடுவதால் மாமி பொதுவாகப் பக்கத்து வளவிலும் இல்லை. குடியிருப்பும் குடியும் மார்க்கமும் ஒரே பெண்ணை நோக்கியே கைகாட்டுகின்றன. பலருடைய பாலைப் பெயரின்றிக் கலக்கும் பால்வங்கியை 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை ஏற்க மறுத்தது; பெயரறிந்த கொடையாளரிடம் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆனால் உறவு அறியாதவையும் உண்டு. இதுவே என் வாதத்தின் மையம். ‘உனக்கு எச்.ஐ.வி. உண்டா?’ என்று தங்கையிடம் எந்த அக்காவும் கேட்கமாட்டாள். கேட்டால் உறவு முறியும். எந்த நம்பிக்கை பாலைப் பகிரச் செய்கிறதோ, அதே நம்பிக்கை கேள்வியை வாயிலேயே அடக்கிவிடுகிறது. ஊரார் ‘மிட்வைஃப் மிஸ்’ என்றழைக்கும் மருத்துவமாது மட்டுமே அதை எவர் மனமும் நோகாமல் கேட்க முடியும், எல்லோரிடமும் கேட்பவர் என்பதால். இலங்கையில் கர்ப்பிணிகளின் குருதி எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் சோதிக்கப்படுகிறது; தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை நாடு ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. தெரிவின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீதியை மறக்கலாகாது: கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த குருதி, ஒரு வருடம் கழிந்த நிலையைச் சொல்லாது. ஆகவே பால் கொடுக்கும் காலத்தில் மறுசோதனை வேண்டும். செங்கண்மாரி, கசநோய், உட்கொள்ளும் மருந்துகள், முலைக்காம்பு வெடிப்பு ஆகியவற்றைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்பதையும் கேட்டாக வேண்டும். நிக்கொட்டின் பாலில் கலக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு இவை எதுவும் போதாது. அது வைத்தியசாலையின் பொறுப்பு.

மண்டூர்ப் பாதையில் (படகுச் சேவையில்) வாவியைக் கடந்து வெயிலில் பாலைக் கொண்டுசெல்வதைவிட, கொடுப்பவரே வந்து ஊட்டுவது பாதுகாப்பு. பீய்ச்சித்தான் கொடுக்க வேண்டுமென்றால், கண்ணாடிப் போத்தலில் பாலை ஊற்றி, தண்ணீருள்ள சட்டியில் வைத்து, தண்ணீர் கொதித்தெழுந்தவுடன் எடுத்து ஆறவைத்துக் கோப்பையால் பருக்கலாம். இவ்வாறு சூடாக்கினால் எச்.ஐ.வி. செயலிழப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

குழந்தையின் சுகாதாரப் பதிவில் ஒரு வரி போதும்: யார் பால் கொடுத்தார், எப்போது, எத்தனை நாள். பிற்காலத்தில் நோய் தெரியவந்தால் வைத்தியருக்கு அது தேவை. பிள்ளை மணவயதை எட்டும்போது முஸ்லிம் குடும்பத்துக்கும் அதுவே தேவை. கொடுத்தவரின் சோதனை முடிவுகள் மட்டும் அந்த வரியில் ஏறாமல் மருத்துவமாதிடமே இருக்கட்டும். மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனைகள் அந்த ஒரு வரிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.