மண்ணுக்கு அடியில் ஓடும் கோடுகள்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் விக்னா என்ற ஒரே பேரினத்துப் பிள்ளைகள். பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில், இவற்றின் காட்டு உறவினர்கள் பட்டியலில் விக்னா லான்சியோலேட்டா என்ற பெயரை அடிக்கடி பார்ப்பேன். ஆஸ்திரேலியக் கொடி. தரையோடு படரும்; மஞ்சளாகப் பூக்கும். மண்ணுக்கு மேலேயும் காய்க்கும், மண்ணுக்குள்ளேயும் காய்க்கும். வேர் விரல் பருமனில் நீண்டு கிழங்காகும். பென்சில் கிழங்கு என்பார்கள். அந்தக் கொடியைத் தேடிப் படிக்கப் போய்த்தான் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரேயின் ஓவியங்களிடம் வந்து சேர்ந்தேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் உள்ள அல்ஹால்கெரெ அவருடைய பூர்வீக மண். 1910 வாக்கில் பிறந்தார், அன்மாத்யெர் இனத்தவர். காமே என்ற பெயரே இந்தக் கிழங்கின் பூவையும் விதையையும் குறிப்பது. அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, 1920களின் இறுதியில், வெள்ளையர்கள் அந்த நிலத்தை மாட்டுப் பண்ணைக்காகக் குத்தகை எடுத்து யூடோப்பியா என்று பெயர் வைத்தார்கள். சொந்த மண்ணில் எமிலி பண்ணைக் கூலியானார். ஒட்டகம் ஓட்டும் வேலையும் பார்த்திருக்கிறார்.

மழை ஓய்ந்து கொஞ்ச நாளில் பென்சில் கிழங்கின் கொடி காய்ந்து சருகாகிவிடும். கிழங்கு எங்கே இருக்கிறது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கிழங்கு பருத்த இடத்தில் மண் லேசாக வெடித்திருக்கும். பெண்கள் அந்த வெடிப்பைப் பார்த்துக் கம்பால் தோண்டுவார்கள். அப்படியே பச்சையாகவும் தின்னலாம். சுடுசாம்பலில் புதைத்து வாட்டியும் தின்னலாம். அந்தக் கிழங்குக்குப் பாட்டு உண்டு, சடங்கு உண்டு. அவெல்யெ என்ற அந்தச் சடங்கில் பெண்கள் உடம்பில் கொழுப்பைத் தடவி, காவிமண், சாம்பல், கரி கொண்டு மார்பிலும் தோளிலும் பட்டை பட்டையாகக் கோடு இழுப்பார்கள். இழுக்கும்போதே பாடுவார்கள். எண்பதை நெருங்கும் வயதில் ஓவியரானவர் என்று எமிலியைப் பற்றி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேன்வாஸ்தான் அவருக்குப் புதிது. கோடு போடுவதை ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்.

1977இல் யூடோப்பியாவுக்கு பாத்திக் வந்தது. துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் ஜாவாக்காரர்களின் கலை. மறு ஆண்டே பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். எமிலியும் அதில் ஒருவர். அதே ஆண்டுகளில்தான் நிலத்துக்கான உரிமைக் கோரிக்கையும் நடந்தது. எங்கள் நிலம் என்று காட்ட அவர்களிடம் தாள் எதுவும் கிடையாது. எந்த இடத்துக்கு யார் பாட வேண்டும், யார் ஆட வேண்டும் என்ற அறிவு இருந்தது. விசாரணையில் பெண்கள் தங்கள் சடங்கையே சாட்சியமாக வைத்தார்கள். 1980இல் நிலம் அவர்கள் கைக்குத் திரும்பியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

துணியை மெழுகு போக வேகவைத்து அலசுவது எமிலியின் வயதான உடம்புக்குச் சுமையாகிவிட்டது, கண்ணும் மங்கியது. 1988-89 கோடையில் யூடோப்பியா பெண்களுக்குக் கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கிடைத்தன. அதன் பிறகு எமிலி வாழ்ந்தது 8 ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் ஏறத்தாழ 3,000 ஓவியங்கள் வரைந்தார் என்று மதிப்பிடுகிறார்கள். 1995இல் வரைந்த பெரிய கிழங்கு ஓவியம் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளம். கறுப்புப் பூசிய கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டை வளைத்து வளைத்து இழுத்து இரண்டே நாளில் முடித்தார். இப்போது மெல்போர்னில், விக்டோரியா தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மேற்கத்திய அரூப ஓவியத்தோடு அதை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் தெரிவது வேர். ஒன்றை ஒன்று தாண்டி, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடும் கிழங்கு வேரும் அதன் மேலே வெடித்த மண்ணும். செடியைப் பிடுங்கிப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

 

எமிலியிடம் வந்த பணம் சொந்தபந்தம் முழுக்கப் பங்கானது. வியாபாரிகள் படம் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். 1996 செப்டம்பரில் அவர் காலமானார். 1994இல் அவர் வரைந்த பூமியின் படைப்பு என்ற ஓவியம் 2007இல் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும், 2017இல் 21 லட்சம் டாலருக்கும் கைமாறியது. மறுவிற்பனையில் கலைஞருக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 2009இல்தான் வந்தது. பங்கு 5 சதவீதம். அந்த மண்ணையும் கிழங்கையும் இத்தனை தலைமுறை காத்தவர்களின் பிள்ளைகளுக்கு அது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.