ஃபோங் என்பது குடும்பப் பெயர் அல்ல

கல்லூரி கிராபிக்ஸ் லேபில் ஒரு டீபாட்டுக்கு வெளிச்சம் போடச் சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டில் "ஃபோங் ஷேடிங்" என்று பத்து இடத்திலாவது எழுதியிருப்பேன். அது ஒரு மனுஷன் பேர் என்று அப்போது எனக்குத் தோணவே இல்லை. ஏதோ சத்தம் மாதிரி இருந்தது.

மனுஷன்தான். பூய் துவோங் ஃபோங். 1942-ல் ஹனோயில் பிறந்தவர். பிரான்சில் படித்துவிட்டு 1971-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 1973-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வின் சாரம் 1975 ஜூன் மாத 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் ஏழு பக்கக் கட்டுரையாக வந்தது. அதே 1975-லேயே இறந்துவிட்டார்.

அந்த ஏழு பக்கத்தில் அப்படி என்ன இருந்தது? கணினியில் வளைந்த பொருள் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் சின்னச் சின்னத் தட்டையான துண்டுகளின் ஒட்டுவேலை. அதே யூட்டாவில் அவருக்குச் சற்று முன்பு படித்த ஆன்றி கூரோ, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் நிறத்தைக் கணக்கிட்டு நடுவில் சீராகப் பரப்பினார். வழவழப்பு வந்துவிட்டது, பளபளப்பு வரவில்லை. துண்டின் நடுவில் விழவேண்டிய ஒளிப்புள்ளியை மூலைகள் பார்ப்பதே இல்லையே! ஃபோங் நிறத்தைப் பரப்பாமல், பரப்பு எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பரப்பினார். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கணக்கிட்டார்.

கூடவே இன்னொன்றும் செய்தார். பளபளப்புக்கு ஒரு எளிய சூத்திரம்: கோசைன் மதிப்பை ஒரு அடுக்குக்கு உயர்த்துவது. அடுக்கைக் கூட்டினால் எவர்சில்வர் டம்ளரில் விழுவது போலச் சின்னக் கூர்மையான புள்ளி, குறைத்தால் எண்ணெய் தடவிய மரம் மாதிரி பரவிய மினுக்கு. இது இயற்பியல் இல்லை. நிஜத்தை அப்படியே காட்டுவது நோக்கமல்ல, நம்பும்படி நெருங்கினால் போதும் என்று அவரே கட்டுரையில் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அன்றைய கணினிகளுக்கு இது விலை அதிகமான வேலை. 1977-ல் ஜிம் பிளின் சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றினார். ஓப்பன்ஜிஎல் ரொம்ப நாள் பிளின் சூத்திரத்தையும் கூரோவின் பரப்பலையும் சேர்த்தே ஓட்டியது. 2000-க்குப் பிறகு, ஷேடர் எழுதக்கூடிய கிராபிக்ஸ் கார்டுகள் வந்தபின்தான் ஃபோங்கின் முறை சாதாரண வீட்டுக் கணினியில் அன்றாட விஷயமானது. எழுதியவர் போய் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸ் என்ற அளவுகோலைச் சொன்னார். பத்து வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட பத்து கட்டுரைகள் வேண்டும். அதாவது எழுதிய எண்ணிக்கையை இந்த எண் தாண்டவே முடியாது. ஃபோங்கிடம் இருப்பது ஆய்வேடு, இந்தக் கட்டுரை, ஃபிராங்க் குரோவுடன் சேர்ந்து எழுதிய இன்னொன்று, அவ்வளவுதான். இன்று வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலிலேயே போயிருப்பார். ஷேடரில் அந்தச் சூத்திரத்தை எழுதுகிறவர்களும் அவரை மேற்கோள் காட்டுவதில்லை. தோசைக்கு யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

இதைவிட உறுத்துவது பெயர். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அவருடையது பூய். ஃபோங் வீட்டில் வைத்த பெயரின் கடைசிப் பகுதி, அங்கே ஒருவரைக் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். அதனால் "ஃபோங் ஷேடிங்" தப்பில்லை. ஆனால் மேற்கோள் பட்டியல்களில் பாதி "ஃபோங், பி. டி." என்கின்றன, மீதி "பூய்" என்கின்றன. ஒரே ஆள், இரண்டு வரிசையில்.

இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் இருக்குமா? ஒரு தரவுத்தளத்தில் என் கட்டுரைகள் ரெண்டு அப்பா பேரில் இருக்கின்றன. அவர் எட்டாவது வரை படித்தவர். சொன்னபோது, "யாராச்சும் படிச்சாங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் என் பட்டியலில் அவரை "பூய்" என்றே போடுகிறேன். ஒரு தடவை பிழை திருத்துபவர் அதை "ஃபோங்" என்று மாற்றி அனுப்பினார். திரும்ப மாற்றி, ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதி அனுப்பினேன். அச்சில் "பூய்" என்றே வந்தது.