ரசிகனுக்கு ஓர் அறை

சியாட்டலில் இருக்கும் பாப் பண்பாட்டு அருங்காட்சியகமும் பெங்களூரு ஜே.பி. நகரில் இருக்கும் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகமும் வருகிறவரைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நிற்கவைப்பதில்லை. தொடலாம், தட்டலாம், பாடலாம். ஒற்றுமை அவ்வளவுதான்.

சியாட்டல் கூடம் ஒரு ரசிகரின் பித்தில் பிறந்தது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன், தன் ஊர்க்காரரான கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பொருள்களைத் தேடித் தேடி வாங்கினார். 1969 உட்ஸ்டாக் விழாவில் ஹென்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை கிதாரும் அதில் சேர்ந்தது. அந்தச் சேகரிப்புதான் ஃபிராங்க் கெரி வடிவமைத்த உலோகக் கட்டடமாக வளர்ந்து 2000-இல் திறந்தது. உள்ளே ஒரு மேடை உண்டு. ஏறி நின்றால் விளக்கு எரியும், புகை வரும், பதிவுசெய்த கூட்டம் கூச்சலிடும். கொஞ்சம் அசட்டுத்தனம்தான்; ஆனாலும் கூட்டமில்லாமல் நட்சத்திரம் இல்லை என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

2019-இல் திறந்த பெங்களூரு கூடம் பிரிகேட் என்ற கட்டுமான நிறுவனத்தின் முயற்சி. அது சுமப்பது ஒரு நாட்டின் பாரத்தை: செவ்வியல், நாட்டார் பாடல், விடுதலைப் போராட்டப் பாடல், சினிமா, நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள், பிஸ்மில்லா கானின் ஷெனாய். எல்லோருக்கும் இடம் கொடுப்பதால் யார் மீதும் பித்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. உள்ளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்கிறோம். தேநீர்க்கடை வானொலியிலும் திருவிழா மைக் செட்டிலும் தெருவோடு சேர்ந்து பாட்டுக் கேட்டவர்களுக்கு இது ஒட்டாது.

அங்கே என்னைக் கவர்ந்தது வெளியில் இருக்கும் ஒலித்தோட்டம். அதை அமைத்தது ஆரோவில்லின் ஸ்வரம் குழு, எங்கள் சுரங்க ஊரான நெய்வேலிக்கு அக்கம்பக்கத்தார். அவர்கள் செய்யும் பாடும் கல்லைப் பாருங்கள்: கருங்கல்லில் வரிசையாக ஆழமான வெட்டுகள், உள்ளங்கையை நனைத்து மேலே தேய்த்தால், பிளந்து நிற்கும் கல் இதழ்கள் அதிர்ந்து நீளமாக முனகுகின்றன. கல்லை ஒலிக்கவைப்பது நமக்குப் புதிதில்லை. தாராசுரம் கோயிலில் பலிபீடத்துப் படிகள் தட்டினால் சுரம் தரும். தட்டித் தட்டித் தேய்ந்துவிடும் என்று இப்போது இரும்புக் கம்பிக்குள் அடைத்திருக்கிறார்கள். பழையதைப் பூட்டியாயிற்று, புதியதையாவது பிள்ளைகள் தட்டட்டும்.

நெய்வேலி நகரியத்தில் இப்படி ஓர் அருங்காட்சியகம் வைத்தால் எதைப் பின்பற்றுவது? நான் சியாட்டல் கட்சி. இந்திய இசை முழுவதையும் ஒரே கட்டடத்தில் அடக்க முயன்றால் அது பாடப்புத்தகப் படமாகிவிடும். ஊரிலிருந்து தொடங்க இங்கே சரக்கு இருக்கிறது. ஊர்ப் பேரையே முன்னால் வைத்துக்கொண்டு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுவரை போன நெய்வேலி சந்தானகோபாலன் ஒரு பக்கம். 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு வந்த விஜய், சுரங்க வாசலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்து வண்டிமேல் ஏறி எடுத்துக்கொண்ட செல்ஃபி மறுபக்கம். அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் மறுபகிர்வு செய்யப்பட்ட ட்வீட் அதுதான். வெகுஜனப் பண்பாடு என்று அருங்காட்சியகங்கள் அறை போட்டு விளக்குவது இங்கே சாலையிலேயே நடந்தது.

அந்த செல்ஃபியில் விஜய் முன்னால், ரசிகர்கள் பின்னால். சியாட்டலும் பெங்களூரும் வருகிறவருக்குக் கலைஞனின் இடத்தைத்தான் தருகின்றன: வாசி, பாடு, மேடையேறு. கேட்கிறவனுக்கு, கைதட்டுகிறவனுக்கு, பேனர் கட்டுகிறவனுக்கு, கல்யாண வீட்டில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று தீர்மானிக்கும் மைக் செட்காரருக்கு இரண்டிலும் ஓர் அறை கிடையாது. நெய்வேலியில் முதல் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கல்லுக்கு ஆரோவில்லில் சொல்லிவைக்கலாம்.