கைப்பிடி அரிசியும் கப்பல் பயணமும்

ஜான் மாட் என்ற அமெரிக்கர் 1895-இல் உலகம் சுற்றக் கிளம்பினார். அவர் வியாபாரியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் கல்லூரி மாணவர்களைச் சந்தித்து, அவர்களுக்குள் கிறிஸ்தவச் சங்கங்களை அமைத்துக் கொடுப்பதுதான் அவர் மேற்கொண்ட வேலை. இலங்கை, இந்தியா என்று முடித்துவிட்டு, அதே பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1896 ஜூனில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஓர்மண்ட் கல்லூரியில் ஆஸ்திரலேசிய மாணவர் கிறிஸ்தவ ஒன்றியம் பிறந்தது. மாட்டுக்கு அப்போது வயது 31.

மெல்பர்ன் புறநகரான எங்கள் பொயிண்ட் குக்கில் சரித்திரம் என்றாலே எல்லோரும் விமானத்தளத்தைத்தான் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் ராணுவ விமானம் 1914 மார்ச் 1-ஆம் தேதி இங்கிருந்துதான் எழும்பியது. தமிழர்களான எங்களுக்கு இந்த மண்ணில் அவ்வளவு பழைய கதை ஏதும் கிடையாது. ஆனால் என் மகள் வில்லியம்ஸ் லாண்டிங்கில் காரை நிறுத்திவிட்டு, வெரிபி ரயிலைப் பிடித்து, எலிசபெத் தெருவில் 19-ஆம் நம்பர் டிராம் மாறிப் படிக்கப் போகும் பல்கலைக்கழகத்தில்தான் ஓர்மண்ட் கல்லூரி இருக்கிறது. அங்கே மாட் வைத்த புள்ளிக்கும், நான் பிறந்த திருநெல்வேலிச் சீமை நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கும் தொடர்பு உண்டு.

டிசம்பர் விடுமுறையில் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் கம்போடியாவுக்கு 'மிஷன் டிரிப்' போகிறார்கள். அதற்காகச் சனிக்கிழமைகளில் பன்னிங்ஸ் கடை வாசலில் நின்று சாசேஜ் சுட்டு, வெங்காயம் வதக்கி, பிரெட்டில் சுருட்டி விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். "காலேஜ்ல படிக்கும்போது நீங்க இப்படி எங்கேயாவது போயிருக்கீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். போயிருக்கிறேன். ஆனால் என் கதைக்கு முன்னால் சொல்ல வேண்டிய கதைகள் இருக்கின்றன.

முதல் கதை வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823-இல் செமினரி ஒன்றைத் திறந்தது. டேனியல் பூர் அதன் முதல் தலைவர். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பார். பிள்ளைக்கு அவர் சொல்லும் பெயர் வைக்கப்படும். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் படிக்கிற பெயர்களின் முன்பாதி அப்படி வந்ததுதான். இப்படிக் கொடுத்தவரின் பெயரைச் சுமந்துகொண்டே ஒரு தலைமுறை படித்தது. சாப்பாட்டிலும் சங்கடம் இருந்தது. ஆசாரம் பார்த்த குடும்பங்கள், மிஷன் வளவுக்குள் பொங்கிய சோற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்றன. ஒரே வகுப்பில் ஒன்றாக வானசாஸ்திரம் படித்தவர்களுக்குள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பெரிய பாடமாக இருந்திருக்கிறது.

1855-இல் செமினரி மூடப்பட்டது. 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. அங்கே பாடம் சொல்ல வந்த ஃபிராங்க் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க இளைஞரின் முயற்சியில் 1884-இல் மாணவர்கள் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தை அமைத்தார்கள். ஆசியாவில் ஒரு கல்லூரிக்குள் எழுந்த முதல் ஒய்.எம்.சி.ஏ. அதுதான் என்பார்கள். அந்தச் சங்கம் தன் ஊழியக் களமாக எடுத்துக்கொண்டது தூர தேசம் எதையும் அல்ல. பக்கத்துக் கடலில் கிடக்கும் எழுவைதீவை. பனையும் மீன்பிடியுமாக இருந்த அந்தச் சின்னத் தீவில் மாணவர் சங்கம் பள்ளிக்கூடம் நடத்தியது.

எங்கள் தெருவிலேயே யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எழுவைதீவைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"என்ன தம்பி, மிஷன் ட்ரிப் எண்டு பெரிசாச் சொல்லுறியள். ஊர்காவற்துறையிலை வள்ளம் ஏறினால் போய்ச் சேர்ந்திடலாம். ஆனா கச்சான் காத்து அடிக்கேக்கை ஏறிப் பாருங்கோ, அமெரிக்காவே கிட்ட எண்டு தோணும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தூரத்தை வைத்து அந்த மாணவர்களின் பயணத்தை அளக்க முடியாது. கொடையில் படித்தவர்களின் வாரிசுகள் கொடுக்கிறவர்களாக மாறியதுதான் அதில் நடந்த பெரிய பிரயாணம். எழுவைதீவோடு அது நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் மிஷனரிச் சங்கம் வைத்து, பாக்கு நீரிணையின் இந்தியக் கரையில் இருக்கும் தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். சோழ, பாண்டிய காலத்திலிருந்து முத்தும் குதிரையும் துணியும் போய்வந்த கடல்வழியில், இப்போது ஓர் ஊழியரும் அவருடைய சம்பளமும் வந்து இறங்கின.

இதை நேரில் கண்டு திகைத்தவர்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் பள்ளிப்படிப்பு. 1893-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. வில்லியம் மில்லர் முதல்வர். வெளியே வந்தால் துறைமுகம், உயர்நீதிமன்றம், பாரி கம்பெனி என்று பட்டணத்தின் முழு இரைச்சல். பனங்காட்டுத் தேரியிலிருந்து வந்த பையன் அங்கே நண்பர்களைச் சம்பாதித்தான், பட்டத்தைச் சம்பாதிக்கவில்லை. கடைசியில் கணக்குப் பரீட்சை நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. பிறகு அவர் அதைத் திரும்ப எழுதவே இல்லை. 1895-இல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்துவிட்டார். (பின்னாளில், 1920-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.)

மறு வருஷம் ஷெர்வுட் எடி வந்து சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வசதியான குடும்பம். சம்பளம் வாங்காமல் சொந்தப் பணத்தில் ஊழியம் செய்தவர். தமிழ் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர் பங்களாத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார, உபதேசியார் முற்றத்தில் நின்று பேசிய காலம் அது. இவர்கள் இரண்டு பேரும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் சபைகளுக்கும் சேர்ந்தே அலைந்தார்கள், சேர்ந்தே ஜெபித்தார்கள், ஒருவரை ஒருவர் கண்டித்தும் கொண்டார்கள். அசரியாவின் பிற்காலப் பேச்சுக்கெல்லாம் வேர் இந்தச் சிநேகம்தான் என்பது என் எண்ணம்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் தொண்டிக்கு ஊழியம் செய்வதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணத்தைவிடப் பெரியது, நூறு வருஷத்துக்கு மேல் பழையது. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தும் எல்லைக்கு வெளியே மிஷனரியாக ஆள் அனுப்பச் சொந்தமாகச் சங்கம் ஒன்று இல்லை. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியது. அசரியாவுக்கு 28 வயது. நிஜாம் ராஜ்யத்தில், வேறு பாஷை பேசும் தோர்ணக்கல் அவர்கள் தேர்ந்தெடுத்த களம். 1905 கிறிஸ்துமஸ் அன்று, வங்காளத்துச் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடி, நாடு முழுவதற்குமான தேசிய மிஷனரிச் சங்கமும் அமைக்கப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இன்னொருவரான சேலத்து கே.டி. பால் அதைக் கட்டி வளர்த்தார்.

சங்கம் வைப்பது எளிது. பணத்துக்கு எங்கே போவது? பெரிய ஜமீன்தார்கள் யாரும் எங்கள் சபையில் இல்லை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும்தான். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் முருங்கைக்காயும் சேவலும் கருப்பட்டியும் ஏலத்துக்கு வரும். ஒரு ரூபாய் பெறாத பூசணிக்காயை நாலு பேர் வீம்புக்கு ஏற்றி ஏற்றிக் கேட்பார்கள். தோற்றவரும் சிரித்துக்கொண்டே காணிக்கை போடுவார். அதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். பன்னிங்ஸ் வாசலில் மகள் வெங்காயம் வதக்குவதைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை.

1909-இல் அசரியா தானே குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடு தோர்ணக்கல் போனார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களில் ஒருவர் அந்த அம்மாள். முப்பத்தைந்தாவது வயதில் தெலுங்கு எழுத்து பழகி, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சுற்றினார் அசரியா.

அடுத்த ஆண்டு, 1910 ஜூனில், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் அதே ஜான் மாட். சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியா பேச எழுந்தார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, தங்களோடு உழைக்கிற இந்தியர்களின் வீட்டுக்கு அவர்கள் போவதில்லை, சாப்பிட அழைப்பதில்லை, சமமாக வைத்துப் பழகுவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். எங்களுக்குக் கொடையாளிகள் மட்டும் போதாது, நண்பர்கள் வேண்டும் என்று கேட்டு முடித்தார். சபையில் சலசலப்பு. சிலருக்குக் கோபம். ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் இன்றுவரை மறக்கப்படாதது அந்தப் பேச்சுதான். இரண்டரை வருஷத்தில், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார்.

அசரியா படித்த அதே கல்லூரியில்தான் நானும் படித்தேன். என் காலத்தில் அது தாம்பரத்துக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1937-இல் இடம் மாறிய அந்தக் காட்டு வளாகத்தில், அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே உலக மிஷனரி மாநாடு நடந்தது. மாட்டும் அசரியாவும் வெள்ளைத் தலையோடு அங்கே மறுபடி சந்தித்தார்கள். 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்த அந்த மாநாட்டில், ஆசிய ஆப்பிரிக்கச் சபைகளின் ஆட்கள் எடின்பரோவைப் போல ஓர் ஓரத்தில் இல்லை.

நான் இருந்தது சேலையூர் ஹால். என் அறைத்தோழன் மிசோரத்தின் ஐசாலிலிருந்து வந்த மிசோ பையன். அவன் கருவாட்டு வாசனைக்கு எங்கள் வராந்தா முழுக்கப் பழகிவிட்டது. எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு அவன் பழகினான். 1986-இல் மிசோ ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதி திரும்பிய பிறகு, ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னை ஊருக்கு அழைத்துப்போனான். குவஹாத்திவரை ரயில், சில்சார் வழியாகப் பஸ். நம் நாட்டுக்குள் போகவே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அவன் வீட்டில் முதல் நாள் சாயங்காலம் அவன் அம்மா அரிசி அளந்தார். அடுப்பில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, சுவரோரம் இருந்த சின்னப் பெட்டியில் போட்டார். நான் விழித்துக்கொண்டு பார்ப்பதைக் கண்டு நண்பன் விளக்கினான்: இதற்குப் பெயர் 'புஃபாய் தாம்', 1910-இலிருந்து மிசோ பெண்கள் செய்வது, இதை விற்ற பணத்தில்தான் சபை மிஷனரிகளை அனுப்புகிறது. எங்க அம்மாவும் இதையேதான் செய்வாள் என்றேன். அவன் அதைத் தாய்க்கு மிசோவில் சொன்னான். அந்த அம்மாள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நான் அங்கே பிரசங்கம் பண்ணவும் இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் இல்லை. ஆனால் மகள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அந்தப் பயணம்தான். அடுத்த பொங்கலுக்கு அவன் நாசரேத் வந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் பதிலுக்கு வந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து மாணவர் எழுவைதீவுக்குப் போனதும், தொண்டியைப் பார்த்துத் திருநெல்வேலி விழித்ததும், தோர்ணக்கல்லில் அசரியா தெலுங்கு பழகியதும் பெருமைக்குரியவை. ஆனால் போகிறவர் எப்போதும் கொடுக்கிறவராகவும், இருக்கிறவர் எப்போதும் வாங்குகிறவராகவும் இருந்தால், எடின்பரோவில் வைத்த குறை அப்படியேதான் இருக்கும். கறல், நெவின்ஸ் என்று பெயர் வைத்த காலத்துக்குத்தான் திரும்பிப் போவோம். ஒருவழிப் பாதையில் தர்மம் நடக்கும், சிநேகம் நடக்காது.

மகளிடம் இதைச் சொன்னபோது உடனே மடக்கினாள். "அவங்களை இங்கே கூப்பிடணும்னா விசா, டிக்கெட், தங்குற இடம் எல்லாம் யாருப்பா பாக்குறது?"

நியாயமான கேள்வி. கம்போடிய மாணவனுக்கு ஆஸ்திரேலிய விசா வாங்குவது, அவள் அங்கே போவதைப்போல லேசில்லை. அதற்குத்தான் சங்கம், ஏலம், கைப்பிடி அரிசி எல்லாம். மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். வட்டுக்கோட்டை அண்ணாச்சியும் தன் வீட்டில் இரண்டு பேரைத் தங்கவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். டிக்கெட் செலவுக்கு வரும் மாதங்களில் இன்னும் நிறைய சாசேஜ் சுட வேண்டியிருக்கும். வெங்காயம் நறுக்க நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.