தலைவெட்டுக் கோயிலின் வாசல்: ஃப்ரீமேசன்கள் கதையும் நம் சங்கமும்



சென்னை மெரினாவில் கடலைப் பார்த்தபடி வெள்ளை வெளேரென்று நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை அலுவலகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது காவல்துறைக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அல்ல. 1839இல் ஃப்ரீமேசன் என்ற சங்கத்தார் தாங்கள் கூடுவதற்காகக் கட்டிய மண்டபம் அது. 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை அதில் குடியேறியது. 1874இல் 20,000 ரூபாய்க்கு அரசே அதை வாங்கிக்கொண்டது.

யார் இந்த ஃப்ரீமேசன்கள்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வெளியாருக்குத் தெரியாததால் அந்தக் காலத்தில் கதைகள் பல கிளம்பின. வடநாட்டில் அவர்கள் கூடும் இடத்தை 'ஜாதூகர்', அதாவது மந்திரவாத வீடு, என்றார்கள். தமிழில் இன்னும் பயங்கரம்: 'தலைவெட்டுக் கோயில்'. உள்ளே போகிறவன் தலையை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டவைப்பார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டால் குழந்தைகள் அந்தப் பக்கம் போவார்களா?

புதுச்சேரிக்கும் இந்தச் சங்கத்துக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. ஒரு சங்கத்தின் கதை இன்னொரு சங்கத்தாருக்குப் பயன்படும் என்பதால் இந்தக் காலாண்டு அதை எடுத்துக்கொள்வோம்.

மூலைமட்டமும் கவராயமும்

மேசன் என்றால் கொத்தனார், கல்தச்சர். ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள் வேலையிடத்திலேயே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அந்தக் கொட்டகைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். தொழில் ரகசியம் வெளியே போகாமல் காப்பது, அடிபட்ட தோழனைப் பார்த்துக்கொள்வது, இறந்தவனின் மனைவி மக்களுக்கு உதவுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். காலப்போக்கில் கல்லுளியே பிடிக்காத வியாபாரிகளும் பிரபுக்களும் இந்த லாட்ஜுகளில் சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒரு மதுக்கடையில் கூடித் தங்களுக்கென ஒரு தலைமைச் சபையை அமைத்தன. இன்றைய ஃப்ரீமேசன் சங்கத்தின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்வது வழக்கம்.

கட்டட வேலை போய்விட்டது, கருவிகள் மட்டும் நின்றுவிட்டன. மூலைமட்டமும் கவராயமும்தான் சங்கத்தின் சின்னம். மூலைமட்டம் நேர்மைக்கு, கவராயம் ஆசைக்கு வட்டம் போட்டுக்கொள்வதற்கு, ரசமட்டம் எல்லாரும் சமம் என்பதற்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்த நடத்தைக்கு. நம் குடியிருப்பைக் கட்டிய கொத்தனார் தினமும் கையில் பிடித்த அதே சாமான்கள்தான். கல்தச்சர் கட்டிக்கொள்ளும் தோல் ஏப்ரனும் சடங்கு உடையாக அப்படியே தொடர்கிறது. சேர்கிறவர் தொழில் பழகுநர், தொழில் தோழர், ஆசான் என்று மூன்று படிகள் ஏற வேண்டும்.

ரகசியம் என்பது பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் கைகுலுக்கலும் குறிச்சொற்களும்தான். சடங்குகளை விவரிக்கும் புத்தகம் 1730இலேயே லண்டனில் அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டது. தலை வெட்டியதாக அதில் எங்கும் இல்லை.

நம் பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் ரசிக்கக்கூடிய ஒரு விதியும் அவர்களிடம் உண்டு: இங்கிலாந்து வழி லாட்ஜுகளில் மதமும் அரசியலும் பேசக் கூடாது. எந்த மதத்தவனும் எந்தக் கட்சிக்காரனும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது.

புதுச்சேரிக்கு வந்த சகோதரர்கள்

கல்கத்தாவில் 1730 வாக்கிலும் சென்னையில் 1752இலும் லாட்ஜுகள் தொடங்கிவிட்டன. மெரினா மண்டபத்துக்குச் சொந்தக்காரர்களான 'பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி' லாட்ஜ் 1786இல் பிறந்தது. பெயரின் பொருள் 'முழு ஒற்றுமை'.

புதுச்சேரியின் கதை போரோடு பின்னியது. 1778இல் ஆங்கிலேயரிடம் போன ஊர், வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிறகு 1785இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. அந்தச் சிறு அமைதிக் காலத்தில்தான் பிரான்சின் 'கிராந்த் ஓரியான்' தலைமைச் சபையின் கீழ் இங்கே ஒரு லாட்ஜ் எழுந்தது. அதற்கு 'லா ஃப்ரத்தெர்னித்தே கோஸ்மோபொலித்' என்று பெயர் வைத்தார்கள். 'உலகம் தழுவிய சகோதரத்துவம்' என்று பொருள். 1793இல் ஆங்கிலேயர் மறுபடி ஊரைப் பிடித்தார்கள். 1816இல் ஊர் திரும்பக் கிடைத்த பின், 1820களில் அதே பெயரில் லாட்ஜ் மீண்டும் எழுந்தது. 1850களில் 'லூனியோன் இந்தியேன்', அதாவது 'இந்திய ஒன்றியம்', என்று இன்னொன்றும் வந்தது.

புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர்தான். ஆனால் 1877இல் பெரிய பிளவு வந்தது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான் உறுப்பினராகலாம் என்ற நிபந்தனையைப் பிரான்சின் கிராந்த் ஓரியான் எடுத்துவிட்டது. யாருடைய மனசாட்சியிலும் சங்கம் தலையிடாது என்பது அவர்கள் நிலை. இங்கிலாந்து ஏற்கவில்லை, உறவை முறித்துக்கொண்டது. பாரிஸ் வழி லாட்ஜுக்காரரும் லண்டன் வழி லாட்ஜுக்காரரும் அதன்பின் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று ஏற்றுக்கொள்ள முடியாமல் போனது. உலகம் தழுவிய சகோதரத்துவத்துக்கும் மரக்காணம் தாண்டினால் செல்லுபடியில்லை!

நவாபுக்கு வந்த ஏப்ரன்

இந்தக் கதையில் நமக்கு மிக அருகில் உள்ள மனிதர் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1770களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் இருந்த ஒரு லாட்ஜில் அவர் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். லண்டன் தலைமைச் சபைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாழ்த்துக் கடிதமும், அலங்காரமான ஏப்ரனும், சங்கத்தின் சட்டப் புத்தகமும் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தன. அவரும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

1795இல் அவர் நவாப் ஆனார். 1801 ஜூலையில் காலமானார். உடனே, திப்பு சுல்தானோடு ரகசியமாகக் கடிதம் வைத்திருந்தார்கள் என்று தகப்பன், மகன் இருவர் மேலும் பழி சொல்லி, கிழக்கிந்தியக் கம்பெனி கர்நாடக அரசு முழுவதையும் எடுத்துக்கொண்டது. லாட்ஜுக்குள் சகோதரன் என்று அணைத்த கையும், நாட்டை எடுத்த கையும் ஒரே நாட்டாருடையவை. கம்பெனி அதிகாரிகள் பலர் ஃப்ரீமேசன்கள். சகோதரனின் வாரிசுக்காக அந்தச் சங்கம் வாய் திறந்ததாக வரலாற்றில் எங்கும் படிக்கக் கிடைக்கவில்லை. மண்டபத்துக்குள் அரசியல் பேசக் கூடாது என்ற விதியின் மறுபக்கமும் இதுதான்.

வாசலில் நின்றவர்கள்

நவாபின் மகனுக்குத் திறந்த வாசல் சாதாரண இந்தியர்களுக்கு லேசில் திறக்கவில்லை. பம்பாயைச் சேர்ந்த பார்சிக்காரர் மானக்ஜி கர்செட்ஜி பம்பாயில் கேட்டுப் பார்த்தார், லண்டனிலும் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் 1840 வாக்கில் பாரிஸில்தான் அவரைச் சேர்த்தார்கள். அதன் பிறகே, ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் முன்னின்று, இந்தியர்களையும் சேர்க்கும் லாட்ஜ் ஒன்றை பம்பாயில் தொடங்கினார்.

கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863 முதல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆசியரைச் சேர்க்க வேண்டுமானால் மாகாணத் தலைவரின் அனுமதி வேண்டும் என்று அங்கே ஒரு துணைவிதி இருந்தது. லண்டன் வரை வாதாடி, ஒன்பது ஆண்டுக்குப் பின் 1872இல்தான் உள்ளே போனார். அவர் திறந்த வழியில் எத்தனையோ பேர் நடந்தார்கள். பின்னாளில் சுவாமி விவேகானந்தராகப் போகும் இளைஞர் நரேந்திரநாத் 1884 பிப்ரவரி 19இல் கல்கத்தாவில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார்.

1723இல் அச்சான முதல் சட்டப் புத்தகத்திலேயே அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்று எழுதியிருந்தது. பெண்களுக்கான கதவை 1893இல் பாரிஸில் மரியா தெரெம் என்ற அம்மையார் வேறொரு சங்கமே தொடங்கித் திறந்தார். ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடும் அந்தக் கிளையில் அன்னி பெசன்ட் 1902இல் சேர்ந்து அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். சென்னை அடையாறிலும் அது கூடியது. பழைய கிளையில் இன்றும் ஆண்கள் மட்டும்தான்.

புதிய ஆளைச் சேர்க்கும் முறையையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ ரகசியமாகப் போடுவார்கள். ஒன்றிரண்டு கறுப்பு விழுந்தாலே போதும், அந்த மனிதர் வெளியேதான். காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெறுங்கையோடு நிற்பது

குறையை இத்தனை சொன்னபின் நிறையையும் சொல்வதுதான் நியாயம். அவர்கள் தர்மம் செய்யப் பழக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

சேர வருகிறவர் காசு, மோதிரம், சாவி என எந்த உலோகமும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். சடங்கின் நடுவில் அவரை நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. அத்தனை பேர் முன் கூச்சத்தோடு நிற்பார். இல்லாதவன் நிலை எப்படியிருக்கும் என்று இப்போது தெரிந்ததல்லவா, இனி ஒருவன் உங்கள் முன் வெறுங்கையோடு நின்றால் இந்த நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

இந்தப் பாடத்துக்குப் பலன் உண்டு. 1788இலேயே லண்டனில் உறுப்பினர்களின் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அமெரிக்காவில் அவர்களின் கிளை ஒன்று 1922 முதல் குழந்தைகளுக்கான மருத்துவமனைகளை நடத்துகிறது. நம் பக்கத்தில் கோயம்புத்தூரில் 'மேசானிக்' பெயரிலேயே குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. சின்னச் சின்னச் சந்தாவில் தொடங்கிய காரியங்கள்தான் இவையெல்லாம்.

நாடு விடுதலை அடைந்த பிறகு, 1961 நவம்பர் 24இல் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபை டெல்லியில் அமைந்தது. முதல் தலைவர் ராம்பூர் நவாப் ராசா அலி கான். கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் அவெஸ்தா ஐந்தும் அதன் முத்திரையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆசியருக்கு அனுமதி கேட்ட சங்கம், ஆளுக்கு அவரவர் வேதத்தின் மேல் உறுதிமொழி எடுக்கவைக்கும் அளவுக்கு மாறியிருக்கிறது. தென்னிந்தியப் பிரிவுக்குச் சென்னை எழும்பூர் எத்திராஜ் சாலையில் மண்டபம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வாசலில் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் தேடிப் பாருங்கள்.

நம் வாசல்

நம் ஊர்ப் பக்கத்துக்கும் இது புதிதல்ல. சம்பந்தர் பாடிய திருவடுகூர் என்ற இந்தத் திருவாண்டார்கோயிலுக்கு அடுத்த திருபுவனையில் முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு உண்டு. 1048ஆம் ஆண்டளவில் அங்கே 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் நெல் அளந்த கணக்கைச் சொல்கிறது. ஊர்ச் சபையார் கூடி நடத்திய பெரிய தர்மம் அது. அந்த வேதக் கல்லூரி வாசலும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும். நல்ல காரியம் செய்த சங்கங்களுக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது: உள்ளே யார், வெளியே யார்?

இப்போது நம் சங்கத்துக்கு வருவோம். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பொங்கல் விழா என்று எல்லாவற்றிலும் 'நாம் ஒரு குடும்பம்' என்று பேசுகிறோம். இந்த 'நாம்' என்பதில் வாடகைக்கு இருப்பவர் உண்டா? திருபுவனைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து ஐந்தாறு வருடமாக நம் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர், பொதுக்குழுவில் ஒரு வார்த்தை பேசலாமா? இரவெல்லாம் வாசலில் உட்காரும் காவலாளிக்கும், காலையில் படிக்கட்டைப் பெருக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு முடியாமல் போனால் உதவ நம்மிடம் ஒரு நிதி வேண்டாமா?

மூன்று யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, வாடகைதாரர்களையும் சங்கத்தின் இணை உறுப்பினராக்கி, பொதுக்குழுவில் பேச உரிமை தருவது. இரண்டு, பராமரிப்புக் கட்டணத்தோடு வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து ஊழியர் மருத்துவ நிதி தொடங்குவது. மூன்று, அந்த நிதியில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் ஊழியர் ஒருவரையும் உட்காரவைப்பது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள், கறுப்பு உருண்டை மட்டும் வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உங்கள் கருத்தை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கட்டாயம் எழுதுங்கள். வரும் இதழில் அவற்றை வெளியிடுவோம்.