இடப்பெயரும் பழிப்பெயரும்: சென்னை நகரில் குற்றம் பற்றிய கருத்துருவாக்கத்தின் வரலாறு

முன்னுரை

சென்னையில் ஒருவர் தம் முகவரியைச் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் தெருவும் கதவு எண்ணும் மட்டும் பதிவதில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கண்ணகி நகர் எனச் சில பெயர்கள் தம்மோடு ஓர் எச்சரிக்கையையும் சுமந்து செல்கின்றன. வீடு வாடகைக்குத் தருவது, வேலைக்கு எடுப்பது, பெண் கொடுப்பது ஆகியவற்றில் அந்த எச்சரிக்கை வாய்விட்டுச் சொல்லப்படாமலே செயல்படுகிறது. அப்பகுதிகளில் குற்றம் மிகுதி, ஆகவே பழிப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். ஆனால் நகரின் வரலாற்றை நோக்கினால் ஒரே நிலம் பழிப்பெயரை இழந்திருப்பதையும், எந்தப் பழியும் இல்லாத புதுநிலம் சில ஆண்டுகளுக்குள் அதனைப் பெற்றிருப்பதையும் காணலாம். பழிப்பெயர் நிலத்தோடு ஒட்டியதா, அங்குக் குடியமர்ந்த மக்களோடு ஒட்டியதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சேரி, பேட்டை

இவ்வினாவைச் சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். ‘சேரி’ என்னும் சொல் இன்று வசையாகவும் ஆளப்படுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலோ, பிராமணர்களின் சபைக்கு வாரியப் பெருமக்களைக் குடவோலை வழித் தேர்ந்தெடுப்பதற்குரிய பிரிவுகளுள் ஒன்றாகச் சேரி குறிக்கப்படுகிறது. அவ்வூரில் 12 சேரிகள் இருந்தன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணசேரி, பறைச்சேரி என்னும் வழக்குகள் காணப்படுகின்றன. சேர்ந்து வாழும் இடம் என்ற அளவிலேயே நின்ற சொல், யார் சேர்ந்து வாழ்கின்றனர் என்பதைப் பொறுத்துப் பின்னர்த் தாழ்ந்தது. ‘பேட்டை’யின் கதையும் இதைப் போன்றதே. வணிகரும் நெசவாளரும் கூடும் சந்தைக் குடியிருப்பைச் சுட்டிய அச்சொல், ‘பேட்டை ரௌடி’ என்னும் தொடருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும் துணித்தொழிலால் உருவான குடியிருப்புகள் என்பதை அத்தொடரைப் பயன்படுத்துவோர் நினைப்பதில்லை.

இடித்த இடத்தில் எழுந்த நீதிமன்றம்

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் பட்டணம் எனவும், அதற்கு வடக்கே துபாஷிகளும் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த பகுதி கறுப்பர் பட்டணம் எனவும் கும்பினியாரால் அழைக்கப்பட்டன. 1746இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியை இடித்தனர். எஞ்சியதை 1757இல் ஆங்கிலேயரே இடித்தனர். கோட்டையை நெருங்கும் பகைவருக்கு வீடுகள் மறைவாக அமையும் என்பது அவர்கள் கூறிய காரணம். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்போது அகற்றப்பட்டுப் பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. புதிய கறுப்பர் பட்டணம் இன்னும் வடக்கே தள்ளி வளர்ந்தது. கோட்டைக்கும் அதற்கும் இடையில் யாரும் கட்டடம் எழுப்பலாகாது என்பதற்கு அடையாளமாக 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது.

பழைய கறுப்பர் பட்டணம் இருந்த நிலத்தில் 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. மக்களை அகற்றியபின் அந்த நிலம் நீதியின் இருப்பிடமாயிற்று. எந்தக் கறையும் அதில் ஒட்டவில்லை. புதிய கறுப்பர் பட்டணமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றப்பட்டது. பெரும் வணிகர்களின் பகுதியாக அது இருந்ததால் பெயர் மாற்றம் எளிதில் நிலைபெற்றது. இந்த வாய்ப்பு பின்னர் எல்லாப் பகுதிகளுக்கும் கிடைக்கவில்லை.

காவலிலிருந்து பதிவேட்டுக்கு

கும்பினியின் தொடக்கக் காலத்தில் பட்டணத்தின் காவல், பெத்த நாயக் என்னும் பரம்பரைப் பதவியினரிடம் இருந்தது. இன்றைய பெத்தநாயக்கன்பேட்டை அப்பதவியின் பெயரைத் தாங்கியது. சரக்குகளின் மீதான சிறு வரிகளிலிருந்து அவருக்கு வருவாய் கிடைத்தது. அதற்கு ஈடாக, களவு போன பொருளுக்கு அவர் ஈடு செய்ய வேண்டும். தமிழகத்து ஊர்களில் நிலவிய காவல் முறையின் கருத்தும் இதுவே: களவு நடந்தால் அது காவலின் தவறு. குடியிருப்பின் குணம் அங்கே விசாரிக்கப்படவில்லை. இம்முறையைக் குறையற்றதெனக் கொள்ள வேண்டியதில்லை. காவலரே களவுக்குத் துணைபோவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததுண்டு. ஆயினும் பொறுப்பு யாரிடம் என்பது அதில் தெளிவாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இப்பொறுப்பு இடம் மாறியது. 1859ஆம் ஆண்டுக் காவல் சட்டம் மாகாணத்துக்குச் சீருடைக் காவல்துறையைத் தந்தது. 1888இல் சென்னை நகரக் காவல் சட்டம் வந்தது. 1871இல் வட இந்தியாவுக்கு இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. காவல் உரிமை பெற்றிருந்த சமூகங்களே அதன் பட்டியலில் குற்றப் பரம்பரையினராக இடம்பெற்றது வரலாற்றின் முரண். 1947இல் அச்சட்டம் மாகாணத்தில் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பிறப்பின் இடத்தை ‘வழக்கம்’ என்னும் சொல் பிடித்தது.

நகரப் பகுதிகளின் பெயரைத் தீர்மானிப்பதில் இவ்வழக்கக் கருத்து எவ்வாறு செயல்படுகிறது என்பது கவனத்திற்குரியது. காவல் நிலையப் பதிவுகளில் இரு வகை வழக்குகள் உள்ளன. ஒன்றில் பாதிக்கப்பட்டவர் புகார் அளிக்கிறார். திருட்டு, தாக்குதல், மோசடி ஆகியன இவ்வகை. மற்றொன்றில் காவலரே புகார்தாரர். பொது இடத்தில் குடித்துவிட்டு ஒழுங்கீனமாக நடந்ததாக நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் பதியப்படும் ‘பெட்டி கேஸ்’, நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (2024 வரை நடப்பிலிருந்த) 109, 110ஆம் பிரிவுகள் ஆகியன இரண்டாம் வகையின. முதல் வகை வழக்குகள் குற்றம் நடந்த அளவையும், புகார் தருவோரின் துணிவையும் பொறுத்தவை. இரண்டாம் வகையின் எண்ணிக்கையோ ரோந்து எங்கே, எவ்வளவு சுற்றுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. தனி வீட்டின் மாடியில் குடிப்பவர் அதில் வருவதில்லை. பத்துக்குப் பத்து அறையில் இடமின்றித் தெருமுனையில் அமர்ந்திருக்கும் இளைஞர் வருகிறார். சில வழக்குகள் சேர்ந்தபின் காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு தொடங்கலாம். பதிவேடு மிகுந்த பகுதிக்கு ரோந்தும் மிகும். ரோந்து மிகுந்தால் வழக்கும் மிகும். பழிப்பெயர் இவ்வாறு தனக்கான சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், மக்கள் வழக்கில் குண்டர் சட்டம், இச்சுழலுக்கு வலுச் சேர்த்தது. அதன் நீண்ட தலைப்பில் முதலில் நிற்போர் கள்ளச்சாராயம் விற்போர். மதுவிலக்கு உருவாக்கிய சாராயப் பொருளாதாரம் ஏழ்மைக் குடியிருப்புகளில் வேர்கொண்டிருந்ததை இது காட்டும். உடல், உடைமை ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களை ‘வழக்கமாக’ச் செய்பவரே குண்டர் என்றது சட்டத்தின் மூல வடிவம். அவரை ஓராண்டு வரை விசாரணையின்றிச் சிறையில் வைக்கலாம். இதன் கீழான தடுப்புக்காவல் ஆணைகள் பலவற்றை உயர் நீதிமன்றம் நடைமுறைக் குறைகளுக்காக ரத்து செய்துவந்துள்ளது. எனினும் ஆணை ரத்தான செய்தி, கைதான செய்தி அளவுக்குப் பகுதியின் பெயரோடு சேர்ந்து பரவுவதில்லை.

வடசென்னையில் கொலைகளும் பழிக்குப் பழி வாங்கும் பகைகளும் நிகழவில்லை என்று இதற்குப் பொருளன்று. நிகழ்ந்தன, அவற்றால் முதலில் அஞ்சியோரும் இழந்தோரும் அப்பகுதி மக்களே. பழிப்பெயர் அவர்களின் அச்சத்தைப் பதிவு செய்வதில்லை. வெளியிலிருந்து அவர்களை நோக்கும் அச்சத்தை மட்டுமே பதிவு செய்கிறது என்பதே இங்குச் சுட்டப்படுவது. புதுப்பேட்டை (2006) முதல் வட சென்னை (2018) வரை திரைப்படங்கள் அரிவாளைப் பரவலாக்கியதாகக் கூறுவது எளிது. மெட்ராஸ் (2014), சார்பட்டா பரம்பரை (2021) ஆகியவற்றின் வழிக் கால்பந்தும் குத்துச்சண்டையும் அதே பகுதியின் அடையாளங்களாகப் பொதுவெளிக்கு வந்ததும் திரைப்படத்தாலேயே.

புளியந்தோப்பு, 1921

பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டவை. அங்கு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குச் சென்றதால் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆலை நிர்வாகம், சங்கம், அரசு, கட்சிகள் என அனைவரும் பங்கேற்ற ஒரு பூசல் அது. ஆனால் நகரின் நினைவில் அது புளியந்தோப்புக் கலவரமாகவே தங்கிற்று. எரிந்தது எவர் வீடோ அவருடைய இடத்தின் பெயரே நிகழ்வின் பெயராயிற்று. அமைதி காக்க வேண்டுமாயின் ஆதி திராவிடர்களை நகருக்கு வெளியே குடியமர்த்த வேண்டும் என்ற பேச்சும் அந்நாளிலேயே எழுந்தது. எம். சி. ராஜா உள்ளிட்டோர் தம் மக்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கடுமையாக எதிர்த்தனர்.

கண்ணகி நகர்

நகருக்கு வெளியே அனுப்பும் அப்பேச்சு எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு காரணங்களின் பெயரில் நடைமுறையாயிற்று. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவது அதன் முதன்மை வழியாக இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தோர் நகரின் பல பகுதிகளிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டனர். ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிறிய வீடுகளில் அருகருகே வைக்கப்பட்டன. வீட்டுவேலையும் சுமைவேலையும் பழைய இடத்தில் நின்றுவிட்டன. பள்ளிப் படிப்பு இடையில் முறிந்தது. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பின்னர் இவ்வழியே வந்தன.

வடசென்னையின் பழிப்பெயருக்குத் துறைமுகம், ஆலை, மதுவிலக்கு என நூறாண்டு வரலாற்றைக் காரணமாகக் காட்டலாம். கண்ணகி நகர் நிலத்துக்கு அத்தகைய வரலாறு எதுவும் இல்லை. எனினும் மக்கள் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நாளேடுகளில் அப்பெயர் குற்றச் செய்திகளின் அடைமொழியாகிவிட்டது. 2020இல் அதன் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. மறு ஆண்டு வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ என்னும் சொல் நீக்கப்பட்டது. அருகிலேயே விரிந்து கிடக்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை கேட்டுச் செல்லும் இளைஞர்கள், முகவரியைக் கண்டதும் விண்ணப்பம் ஒதுக்கப்படும் என அஞ்சி ஊர்ப்பெயரை விடுத்து எழுதுகின்றனர். கண்ணகி நகருக்கும் அந்நிறுவனங்களுக்கும் அஞ்சல் குறியீடு ஒன்றே என்பதால், ‘துரைப்பாக்கம், சென்னை 600097’ என்று அவர்கள் எழுதுவது பொய்யும் ஆகாது.