ஜிபிஎஸ் இடையூற்றைக் காட்டிக்கொடுக்கும் விமான ஒலிபரப்பு

பறக்கும் விமானம் தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் இருமுறை ஒலிபரப்புகிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்ற தர எண்ணும் கூடவே வருகிறது. வழக்கமாக 8 அளவில் நிற்கும் இந்த எண், ஜிபிஎஸ் முடக்கப்படும் இடத்தில் 0 வரை சரியும். கருவிக் கோளாறாக இருக்கக் கூடாதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால், பால்டிக் வானில் நடப்பதுபோல, வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்கள் ஒரே பகுதியில் தரம் இழந்து, அதைத் தாண்டியதும் மீண்டால், பழியைக் கருவிமேல் போட முடியாது. 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்னேர் விமான நிறுவனம் ஜிபிஎஸ் இடையூற்றால் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான தன் சேவையை ஒரு மாதம் நிறுத்தியதே இச்சிக்கலின் கனத்தைச் சொல்லும்.

முடக்குவதற்குப் பதிலாகப் போலி ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்பப்பட்டால், தர எண் உயர்வாகவே இருந்து ஏமாற்றலாம். கடல்மேல் பறந்த விமானங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியபோது, இருப்பிடத்தின் திடீர்த் தாவலே துப்பாயிற்று. இந்தத் தரவுகளைக் கொண்டு இடையூற்று வரைபடம் வரையலாம். எனினும் 10 கி.மீ. உயரத்தில் உள்ள விமானத்துக்கு ஏறக்குறைய 400 கி.மீ. அப்பால் தரையிலுள்ள முடக்கியின் சமிக்ஞையும் எட்டும். ஆகவே இவ்வரைபடம் வானத்துக்கே பொருந்தும், தரைக்கு அன்று.